அழுக்கு தெரிகிற பலகை

முதல் அடி ஓரத்தில். இரண்டாவது அடி நடுவில். பிறகு பலகைத் துண்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் ஒன்று. சுத்தியல் சிறியது, பிடியில் பாதி உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். அடித்து முடித்ததும் குனிந்து, விழுந்த பள்ளத்தைச் சுற்றிக் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறார். பள்ளம் விழுந்தால் பரவாயில்லை. பள்ளத்தின் விளிம்பு பொரிந்து ஊசி போலச் சிலாம்பு எழும்பினால் அந்தப் பலகை தோற்றது.

"அக்கா, போதும். அது செத்துப்போச்சு," என்கிறார் பலகைக் கடைக்காரர்.

"இங்கயே சாகட்டும். பட்டறைக்கு வந்து சாகக் கூடாது."

"மாதிரித் துண்டு ஓசியில குடுக்கிறேன்னு இப்படியா?"

"ஓசின்னா மெதுவா அடிக்கணுமா?"

கடைக்கு வந்திருந்த மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. தப்பித்த துண்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, தோற்றவற்றைக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்ததை இழுக்கிறார். பையைத் தோளில் மாட்டி நடந்தால் உள்ளே துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஆளுக்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிடும். கடைத்தெருவில் அவருக்குச் சுத்தியக்கா என்று பெயர். "சுத்தியக்கா வர்றாங்க, கண்ணாடியெல்லாம் உள்ள எடுத்து வைங்க" என்று கடைக்காரர் அவர் காதில் விழும்படியே சொல்வார்.

அண்ணனும் தங்கையுமாக நடத்தும் பட்டறை அது. நாற்காலி, மேஜை, அலமாரி. அறுப்பதும் இழைப்பதும் பொருத்துவதும் அண்ணன். தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் வருகிறவர்களோடு வாயாடுவதும் சுத்தியக்கா. தகரக் கூரை போட்ட நீளமான ஒரே அறை. அண்ணனின் வேலை மேஜை உள்ளே, அறுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில். அக்காவின் இடம் வாசலை ஒட்டி. பாலிஷ் வாடை வெளியே போக வேண்டும், வெளிச்சம் உள்ளே வர வேண்டும். இருவருக்கும் நடுவில் முடிந்ததும் முடியாததுமாக நாற்காலிகள் நின்றுகொண்டிருக்கும், யாரும் உட்காரச் சொல்லாத விருந்தாளிகளைப் போல.

என் எழுதும் மேஜையின் ஒரு கால் ஆடியதால் நான் அங்கே போனேன். கால் சரியாகி வெகுநாளாகிறது. போவது நிற்கவில்லை. போனால் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்வார்கள். பிடித்துக்கொண்டு நிற்பேன்.

சுத்தியக்கா தன் பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கவிழ்த்துப் போட்ட ஒரு பெயிண்ட் டின்தான் அவர் ஆசனம். "செஞ்சதுல உக்காந்து பழகிட்டா அப்புறம் குடுக்க மனசு வராது," என்பார். வெளியே போனால் வேறு மாதிரி. எந்த மேஜையின் முன்னால் நின்றாலும் கை தானாக அதன் ஓரத்துக்கு அடியில் போய்விடும். விரல் மடக்கித் தட்டுவார். வங்கியில் தட்டுவார், பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டுவார், பலகாரக் கடையில் பணம் கொடுக்கும் இடத்தில் தட்டுவார். தட்டியதும் முகத்தில் ஒரு தீர்ப்பு வந்து போகும். "இவளச் சாவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக பயமா இருக்கு. பெட்டியத் தட்டிப் பாப்பா," என்பது அண்ணனின் புகார்.

அண்ணன் வேறு விதமான ஆள். அவருக்குப் பொருளை மூடி வைக்க வேண்டும். ஒரு மேஜை முடிந்ததென்றால் நான்கு மூலைகளுக்கும் அட்டை மடித்து வைத்து, மேலே சாக்கு விரித்து, சணல் கயிற்றால் கட்டி, முடிச்சை அடிப்பக்கம் ஒளித்துவிடுவார். அதன் மேல் ஒரு டீ கிளாஸ் வைக்க விடமாட்டார். வண்டியில் ஏற்றும்போது கூடவே ஓடுவார். அந்தப் பட்டறையில் ஒரு விதி உண்டு, அது அவர் போட்டது: "முதல் கீறல் வீட்டுக்காரங்க போடட்டும். நாம போடக் கூடாது." தங்கை வண்டியோடு போய் வீட்டில் இறக்கிவைத்துக் கயிற்றை அவிழ்ப்பார். சாக்கை உருவுவார். அந்த வீட்டுக்காரர்கள் உடனே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து நின்றால் அவருக்குக் கோபம் வரும். "அதுக்கு நீங்க பிளாஸ்டிக்கையே வாங்கியிருக்கலாமே? பயந்து பயந்தா சாப்பிடுவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.

அண்ணனுக்குச் சர்க்கரை நோய். விரல் நுனிகளில் உணர்ச்சி மெல்ல மங்கி, பிறகு இல்லாமலே போனது. யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. பலகை மட்டமாக இருக்கிறதா என்பதை உள்ளங்கையால் தடவிச் சொல்கிறவர், முழங்கைக்குக் கீழே முன்கையின் உட்புறத்தால் தடவ ஆரம்பித்தார். சுத்தியக்கா வாசலிலிருந்து அதைப் பார்த்தார். சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஏதோ புது ஸ்டைல் காட்டுகிறார் என்று நினைத்துக் கேலி செய்தார். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒருநாள் மத்தியானம் உளி வழுக்கி அவருடைய இடது சுண்டுவிரலின் பக்கத்தில் இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை. வேலை நடந்தது. அவருடைய பழைய வேலை மேஜையின் மேல்பலகை பசையையும் பாலிஷையும் எண்ணெயையும் வருடக்கணக்கில் குடித்துக் கறுத்துப் போனது. அதன் மேல் ரத்தம் வெறும் ஈரமாகத்தான் மின்னியது. வார்னிஷ் சிந்தியிருக்கிறது, சாயங்காலம் துடைக்கலாம் என்று அக்கா நினைத்துக்கொண்டார். சாயங்காலம் தேய்ப்பதற்காக ஓர் இழுப்பறையை எடுத்தார். பாலிஷ் காணாத வெளிறிய மரம். அதன் உட்பக்கம் முழுக்க வரிசையாக விரல் தடங்கள், சிவப்பாக.

அன்றைக்கே கட்டுப் போட்டார்கள். ஆனால் அதற்குள் தூளும் பசையும் உள்ளே போயிருந்தன. புண் புரையோடியது. ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலின் நுனிக்கணுவை எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "கைக்கு இனிமே தெரியாதுங்க. கண்ணாலதான் தெரிஞ்சுக்கணும். அடிபட்ட உடனே பாத்துட்டா ஒண்ணும் இல்ல, கழுவி மருந்து போட்டாப் போதும். பாக்காம விட்டா அடுத்தது விரலோட நிக்காது." அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது சுத்தியக்காவின் கை மேஜையின் ஓரத்துக்கு அடியில் போயிருந்தது. தட்டினார். "உள்ள வெறும் தூள் பலகைங்க, டாக்டர். தண்ணி பட்டா உப்பிடும். பாத்துக்குங்க." டாக்டர் மேஜை மேலிருந்த தண்ணீர் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அண்ணன் இதை எல்லோரிடமும் சொல்வார். "அவரு என் விரலுக்கு நாள் குறிக்கிறாரு. இவ அவரு மேஜைக்கு நாள் குறிக்கிறா." சொல்லும்போது தங்கையும் தேய்த்துக்கொண்டே சிரிப்பார். அப்படிச் சிரித்தபோது ஒருமுறை அவர் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். டாக்டர் சொன்னதில் ஒரு சொல் விடாமல் அவருக்குள் போயிருந்தது.

வேலையை நிறுத்திவிட்டால் என்ன என்று அண்ணி கேட்டார். அண்ணி தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவார். ராத்திரி வீட்டில் கணவரின் கையையும் காலையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். "வீட்ல ஒரு போலீசு, கடையில ஒரு போலீசு," என்று அதற்கும் அண்ணனுக்குப் புகார் உண்டு.

"வீட்ல உக்கார வெச்சா உங்களத்தான் இழைப்பாரு அண்ணி," என்றார் சுத்தியக்கா. "ஒரே வாரத்துல தாள் மாதிரி ஆயிடுவீங்க."

"அப்ப கையுறையாவது மாட்டிக்கச் சொல்லு."

"மெஷின்ல உறை மாட்டுச்சுன்னா விரல் இல்ல, கையே உள்ள போயிடும்."

அண்ணி தூக்குப்பாத்திரத்தை மூடினார். "அப்ப என்னதான் பண்றது?"

"மேஜைய மாத்தலாம்னு இருக்கேன்," என்றார் சுத்தியக்கா.

அண்ணிக்கு அது பதிலாகவே படவில்லை. அண்ணனிடம் சொன்ன காரணம் வேறு: பலகை வளைந்துவிட்டது, மேலே வைக்கிற எதுவும் ஆடுகிறது. அதுவும் உண்மைதான். ஆகவே யாரும் யாரிடமும் பொய் சொல்லவில்லை.

தேடல் தொடங்கியது. நிறைய நாள் தாங்க வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது. இந்த இரண்டையும் எல்லோரும் கேட்பார்கள். சுத்தியக்காவின் மூன்றாவது நிபந்தனைதான் கடைக்காரருக்குப் புரியவில்லை.

"காப்பிக் கலர் மைக்கா ஒட்டிடுங்கக்கா. அழுக்கே தெரியாது. துடைக்கிற வேலையே கிடையாது."

"எனக்கு அழுக்கு தெரியணும்."

"என்னது?"

"விழுந்தா தெரியணும். என்ன விழுந்தாலும்."

"ஊரு உலகத்துல எல்லாரும் அழுக்கு தெரியாததாத்தான் கேக்குறாங்க."

"அவங்களுக்கு அதையே குடுங்க. நானா வேணாங்கிறேன்?"

நான் ஒருநாள் போனபோது பழைய மேஜையின் மேல் மாதிரித் துண்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சொட்டுச் சிவப்பு மை. ரப்பர் முத்திரைக்கு ஊற்றுகிற மைக்குப்பி பக்கத்தில் திறந்திருந்தது. அவர் வாசலில் தன் இடத்தில் நின்று, கண்ணைச் சுருக்கி, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை நின்று பார்த்தார். ஒருமுறை பெயிண்ட் டின்னில் உட்கார்ந்து பார்த்தார்.

"மை எதுக்குக்கா?" என்றேன்.

"கறை போகுதான்னு பாக்கறேன்," என்றார் உரக்க, உள்ளே இருந்த அண்ணனுக்குக் கேட்கும்படி. பிறகு என் பக்கம் குனிந்து, "இங்கேருந்து தெரியுதான்னு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அந்தத் துண்டுகளை என்னால் வெறும் பலகையாகப் பார்க்க முடியவில்லை.

பழுப்பு ஹார்ட்போர்டு மலிவு. ஆணி போட்டு மாட்டலாம். தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். பாதிப் பட்டறைகளில் அதுதான் இருக்கிறது என்றார் கடைக்காரர். சிவப்பு அதில் விழுந்ததும் பழுப்போடு பழுப்பாகிவிட்டது. துருப்பிடிக்காத தகட்டில் சொட்டு பளிச்சென்று நின்றது. அதை நான் சுட்டிக்காட்டினேன். "அண்ணன் உளியக் கீழ வெச்சா உளி அழும்," என்றார். கல் பலகையும் அதே காரணத்தால் போனது. வெறும் பிளைவுட் மையை உறிஞ்சிப் பரப்பியது, பெரிதாகவே தெரிந்தது. ஆனால் அதன் ஓரம் சுத்தியலுக்குப் பொரிந்தது. சிலாம்பு ஏறினால் தெரியாத கைக்குச் சிலாம்பு விடுகிற பலகையை வாங்குவதாவது. அதை அவர் தூக்கி அடுப்பெரிக்கும் குவியலில் போட்டார்.

பிறகு தவறு செய்தார். வெள்ளை மைக்கா. பால் மாதிரி வெள்ளை, பசை ஒட்டாது, விலையும் கட்டுப்படியாகும். கையளவு துண்டில் மைச்சொட்டு ஏ-ஒன்னாகத் தெரிந்தது. முழு மேஜைக்கும் அளவு கொடுத்து அறுத்து வாங்கிவந்து, ஒட்டுவதற்கு முன் மேலே விரித்துப் பார்த்தார். கையளவு துண்டு வேறு, முழு மேஜை வேறு. தகரக் கூரையின் அடியில் தொங்கும் டியூப்லைட் மொத்தமும் அதில் விழுந்து அண்ணனின் முகத்துக்குத் திரும்பியது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கோடு போட்டார். பென்சில் வழுக்கியது. சுத்தியக்கா ஒரு சொட்டு மை விட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் திரும்பினார். அங்கேயிருந்து வெளிச்சம்தான் தெரிந்தது. சிவப்பு தெரியவில்லை.

அப்படியே நின்றார். கண் கூசியதால் கண்ணில் நீர் வந்தது, அல்லது கண் கூசியதாக அவர் சொன்னார்.

"என்ன, பரீட்சையில பெயிலா?" என்றார் அண்ணன்.

"நான்தான் பெயில்."

"வாத்தியாரே பெயிலான பள்ளிக்கூடத்த இப்பத்தான் பாக்கறேன்."

அறுத்ததைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அந்த வெள்ளை மைக்கா இப்போது அண்ணியின் சமையலறை மேடையில் இருக்கிறது. அண்ணிக்கு அதில் மிகுந்த சந்தோஷம். நாத்தனார் தனக்காகத்தான் வாங்கினார் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை அண்ணனும் கூடவே கிளம்பினார். "நானும் வர்றேன். தனியா விட்டா அடுத்து முகம் பாக்குற கண்ணாடிய வாங்கிட்டு வந்து மேஜைல போடுவ."

மூன்று பேருமாகப் போனோம். கடைக்காரர் மறுபடியும் காப்பிக் கலரை எடுத்தார். நானும் அண்ணனும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுத்தியக்காவின் பார்வை வேறெங்கோ போயிருந்தது. கடையின் உள்வாசலில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெளிறிய மஞ்சள் நிறம். எல்லோரும் மிதித்துப் போகிற கட்டை. காலால் தள்ளி எடுத்து, தூசியை முந்தானையால் துடைத்து, சுத்தியலை எடுத்தார். ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. நகத்தை ஓட்டினார்.

"பள்ளம் விழுது. பொரியல."

"அது ரப்பர் மரம்க்கா. பால் வத்தினதும் வெட்டிடுவாங்க. மருந்து ஏத்தி, துண்டு துண்டா ஒட்டிப் பலகையா வருது. சின்னப் பசங்க கட்டிலுக்கு வாங்கிட்டுப் போவாங்க. உங்களுக்கு எதுக்கு?"

"விலை?"

சொன்னார். கெட்டி மரத்தைவிட வெகு குறைவு, பிளைவுட்டைவிடக் கொஞ்சம் கூடுதல். சுத்தியக்கா பையிலிருந்து மைக்குப்பியை எடுத்தார்.

"இங்கயுமா?" என்றார் கடைக்காரர்.

கட்டையைக் கடையின் கடைசியில் கொண்டுபோய் வைத்து, ஒரு சொட்டு விட்டு, தெருவுக்கு இறங்கி நின்று பார்த்தார். வண்டிகள் ஒலியெழுப்பின. அவர் நகரவில்லை.

அண்ணன் கட்டையைக் கையில் எடுத்தார். ஒட்டுகளைப் பார்த்தார். அவர் முழுப் பலகையில் பழகிய ஆள். ஒட்டுப் பலகையை மரமென்றே ஒத்துக்கொள்ளாதவர். "கந்தல் தைச்ச மாதிரி இருக்கு," என்றார். பிறகு குறைந்துபோன தன் சுண்டுவிரலை அதன் பக்கத்தில் வைத்தார். தையல் தடம் இன்னும் மங்கவில்லை. "சரி, எனக்கும் ஒட்டுத்தான். ஜோடிப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு."

"மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க. இந்தக் கலர்ல போட்டா ஒரே மாசத்துல அசிங்கமாயிடும். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக் குடுத்துடும்."

"அவ கேக்கறதையே குடுங்க."

"கருப்புல போட்டா..."

"வாசல்லேருந்து தெரியணுமாம் அவளுக்கு," என்றார் அண்ணன்.

சுத்தியக்கா அதற்குள் படியேறி வந்திருந்தார். கேட்டுவிட்டார். அலமாரியில் அடுக்கியிருந்த வார்னிஷ் டின்களின் பக்கம் திரும்பி, ஒன்றை எடுத்து, அதன் மேல் எழுதியிருந்ததை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அண்ணன் கடைக்காரரிடம் கனம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று பேசத் தொடங்கினார். வண்டியில் ஏற்றும்போது கயிற்றை இடப்பக்கம் இழுப்பதா வலப்பக்கம் இழுப்பதா என்று இருவருக்கும் பெரிய சண்டை. பட்டறை வரும்வரை அதே சண்டை. வேறு எதுவும் பேசவில்லை.

பழைய மேஜையின் கால்களும் சட்டமும் உறுதியாக இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டார்கள், செலவு மேல்பலகைக்கு மட்டும். அடியிலிருந்து திருகாணி போட்டு முடுக்கினார் அண்ணன். மேலே ஒரு ஆணித்தலைகூடத் தெரியவில்லை. கறுத்த பழைய பலகையைப் பாதியாக அறுத்து, காலுக்கு நடுவே கீழ்த்தட்டாகப் போட்டார்கள். பிறகு சுத்தியக்காவின் முறை. பளபளக்காத, நிறமில்லாத பூச்சு. தேய்த்தார், பூசினார், காயவிட்டார், மறுபடி தேய்த்தார். மூலைகளை மட்டும் உப்புத்தாளால் வட்டமாக்கினார். கை பட்டால் கிழிக்காத அளவுக்கு. வீட்டு மேஜைகளுக்கு அவர் இவ்வளவு பார்த்ததில்லை.

காய்ந்ததும் மைச்சொட்டு. வாசலில் நின்று பார்த்தார். தெரிந்தது. டின்னில் உட்கார்ந்து பார்த்தார். தெரிந்தது. டியூப்லைட் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்தார். போய்விட்டது.

"பாஸா?" என்றார் அண்ணன்.

"பாஸு."

"அப்ப சீக்கிரம் எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நாளைக்கு நாற்காலிக்கால் வெட்டணும்."

மறுநாள் சனிக்கிழமை. அண்ணன் முன்னதாகவே வந்து பட்டறையைத் திறந்திருந்தார். நான் போனபோது சுத்தியக்கா அப்போதுதான் பையை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே இழைப்புளி ஓடும் சத்தம்.

மேஜையின் மேல் சாக்கு விரித்திருந்தது. வண்டியில் ஏற்றுகிற பொருளுக்கு விரிக்கிற அதே பழுப்புச் சாக்கு, இரண்டு மடிப்பாக. நான்கு மூலைக்கும் அட்டை. சுற்றிச் சணல் கயிறு. முடிச்சு அடிப்பக்கம் ஒளிந்திருந்தது. அதன் மேல் நாற்காலிக்காலை வைத்து அண்ணன் இழைத்துக்கொண்டிருந்தார். சுருள் சுருளாகச் சீவல் சாக்கின் மேல் விழுந்தது.

"என்னண்ணே இது?"

"புதுசு. பசை விழுந்துடும்."

"விழத்தானே வாங்கினோம்?"

"மொத நாளேவா? எவ்வளவு அழகா பூசியிருக்க. மனசு வரல." இழைப்புளியை நிறுத்தாமலே சொன்னார். "முதல் கீறல் நாம போடக் கூடாதுல்ல."

சுத்தியக்கா பையோடு உள்ளே நடந்து போனார். வழியில் இருந்த நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு போனார். குனிந்து அடியில் முடிச்சைத் தேடி அவிழ்த்தார். அண்ணன் இழைப்புளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலகி நின்றார். அக்கா நாற்காலிக்காலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சாக்கை உருவினார். சீவல் எல்லாம் தரையில் சரிந்தது. வெளிறிய பலகை, காலை வெளிச்சத்தில் ஒரு மாசு இல்லாமல் இருந்தது.

பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். ஓரத்தில் அடிக்கவில்லை. நேராக நடுவில் அடித்தார். சோதிக்கிற அடி இல்லை, ஓங்கி அடித்த அடி. தகரக் கூரை அதிர்ந்தது. பலகையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பள்ளம் விழுந்தது. விளிம்பு பொரியவில்லை. அவர் நகத்தை ஓட்டிப் பார்க்கவில்லை.

"வீட்டுக்காரங்க போட்டாச்சு," என்றார். "வேலையப் பாரு."

வாசலுக்கு வந்து, டின்னில் உட்கார்ந்து, உப்புத்தாளை எடுத்தார்.

அண்ணன் இழைப்புளியையும் நாற்காலிக்காலையும் கீழே வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பள்ளத்தின் மேல் முன்கையின் உட்புறத்தால் ஒருமுறை தடவினார். பிறகு சாக்கை நான்காக மடித்துக் கீழ்த்தட்டில் வைத்தார்.